இரண்டாவது கையெழுத்து

அமரில்லோ நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெண்டெல் கிராவுஸ் சூறாவளியைப் பார்த்தே அசராதவர். ஒரு காகிதத்தைப் பார்த்துத்தான் முதன்முதலாக நடுங்கினார்.

கோரா என்று அவர் பெண்பெயர் வைத்த பிள்ளை, பதிமூன்று வயதில், தான் ஆண் என்றும் ரீஸ் என்று கூப்பிட வேண்டும் என்றும் சொன்னது. பதினைந்தில் ஆண் ஹார்மோன் ஊசி கேட்டது. மனைவி மார்லீன் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அப்பாவும் போட வேண்டும்.

டாலஸ் நகரில் மருத்துவர் ஒளிக்காமல் பேசினார். "குரல் உடைஞ்சா திரும்பாது. பின்னால குழந்தை பெத்துக்கறதுல சிக்கல் வரலாம்."

"போடாட்டி என்ன ஆகும் டாக்டர்?"

"அதையும் என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

யாருக்காவது தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் பிள்ளை கேட்டது: "என்னை நம்பலையாப்பா?"

"நம்பறேன்டி..." வாய் தவறிவிட்டது. பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. வெண்டெல் வீட்டிலிருந்த மாத்திரைகளைப் பூட்டி வைத்தார். துப்பாக்கியைத் தம்பி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். குளியலறைக் கதவு திறக்கத் தாமதமானால் போய்த் தட்டிப் பார்த்தார்.

ஒரு சனிக்கிழமை காலை, அவர் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தபோது, குழந்தைகள் நலத் துறையிலிருந்து ஒரு பெண் வந்து நின்றார்.

"பிள்ளைக்குக் கெடுதலான வைத்தியம் பண்றீங்கன்னு புகார் வந்திருக்கு."

மார்லீன் முகம் வெளுத்துவிட்டது. 'நான் கையெழுத்துப் போடவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் வெண்டெல் தப்பித்துவிடலாம். மாட்டப்போவது அவள்தான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்துகொண்டே அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னார்.

"இன்னும் எதுவும் பண்ணலை. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்கோம். பெத்தவங்க நாங்க, முடிவும் நாங்கதான் எடுப்போம்."

அந்தப் பெண் பிள்ளையிடம் திரும்பினார். "உன்னை யாராவது கட்டாயப்படுத்தறாங்களாம்மா?"

"இல்லை. அப்பாவுக்குப் பயம். எனக்கும்தான்."

அந்தப் பெண் போனபிறகு வெண்டெல் மெல்லக் கேட்டார். "உனக்கென்ன பயம்? ஒருநாளும் சொல்லலையே."

"போட்டுக்கவும் பயம், போடாம இருக்கவும் பயம். சொன்னா அதையே சாக்கா வச்சு வேண்டாம்னுடுவீங்க."

"அப்படிச் சொல்ல மாட்டேன், ரீஸ்." அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

புகாரைக் கைவிட்டதாகக் கோடையில் கடிதம் வந்தது. காகிதம் மட்டும் அப்படியே கிடந்தது. இன்னும் கொஞ்சம் யோசிப்போம், இன்னும் கொஞ்சம் என்று ஒரு வருடம் ஓடிற்று. அதற்குள், பதினெட்டு வயதாகாதவர்களுக்கு இந்தச் சிகிச்சையே கூடாது என்று மாநிலத்தில் சட்டம் வந்தது. அன்று தனக்குள் எழுந்த நிம்மதியை நினைத்து வெண்டெல் கூசிப்போனார். பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டது.

பதினெட்டு முடிந்த மாதமே ரீஸ் போய் ஊசி போட்டுக்கொண்டான். துணைக்கு அப்பாவைத்தான் கூப்பிட்டான். பனிக்காலத்துக்குள் குரல் தடித்தது.

"அந்த மூணு வருஷம் உன்னைக் காக்க வச்சது தப்பாடா?" என்று வெண்டெல் ஒருநாள் கேட்டார்.

"சில நாள் தப்புன்னு தோணுது. சில நாள் தெரியலைப்பா."