மாமரத்தடிக்குக் கேட்காத குரல்

மலாவியின் அந்தச் சின்ன ஊர் நீதிமன்றத்தில் வழக்காளிகளின் பெயரை மூன்று முறை கூப்பிடுவதுதான் லைசனின் வேலை. இப்போதெல்லாம் மூன்றாவது முறை முற்றத்து மாமரம் வரை நடந்துபோய்க் கூப்பிடுகிறார். "மரத்து மேலயும் கேஸ் இருக்கா அண்ணே?" என்று தட்டச்சர் தோக்கோசானி கிண்டலடிப்பாள். லைசன் சிரிப்பதில்லை.

போன மழைக்காலத்தில் எனெலெசி என்ற விதவை, கொழுந்தன் பிடுங்கிக்கொண்ட சோளக்காட்டுக்காக வந்திருந்தாள். "என் பேரு வந்துடுச்சா ஐயா?" என்று நாலாவது தடவை கேட்டதும் லைசனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"வாசல்ல நின்னு உயிரெடுக்காத! போய் அந்த மரத்தடியில உக்காரு. கூப்பிடுவேன்ல?"

அவள் முறை வந்தபோது இவர் கையில் பாதி தின்ற மந்தாசிப் பலகாரம். வாசலைத் தாண்டாமல், ஒரே மூச்சில் மூன்று முறை கூப்பிட்டார். ஆள் வரவில்லை, வழக்கு தள்ளுபடியானது.

மதியம் அவளே வந்தாள். "நீங்க சொன்ன எடத்த விட்டு நகரவே இல்ல ஐயா. இன்னும் கூப்பிடலையா?"

நீதிபதி உள்ளேதான் இருந்தார். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"கூப்பிட்டேனே, மூணு வாட்டி!"

அவள் பதறிப்போனாள். "என் காதுல விழலையே! மன்னிச்சிடுங்க ஐயா."

"பரவால்ல, போ" என்று பெருந்தன்மையாக மன்னித்தார் லைசன்.