யாருக்காக அந்தக் குவாரனா

என் கணவரின் டூல் பையில் அந்த டப்பாவைப் பார்த்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. ஸ்பேனருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் நடுவில் ஏதோ ஒரு பழுப்பு நிறப் பொடி. மேலே ஒரு பழத்தின் படம். சிவப்புத் தோல் வெடித்து, வெள்ளைச் சதைக்குள் கறுப்பு விதை கண் மாதிரி முழித்துக்கொண்டிருந்தது. குவாரனா என்று பெயர். பிரேசில் காட்டில் விளையும் கொடியின் விதையாம். கீழே ஆங்கிலத்தில், நாள் முழுக்க உற்சாகம் என்றும் தாம்பத்திய நலம் என்றும் போட்டிருந்தது. இரண்டாவதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் அப்போது அப்படி ஒன்று நடக்கவே இல்லை. ஊரப்பாக்கத்தில் எங்களுடையது ஒரே படுக்கையறை உள்ள ஃபிளாட். மகள் பிளஸ் டூவுக்கு வந்ததும், இங்கே எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். கேபிளை நிறுத்தினோம். சொந்தக்காரர்களை இந்த வருஷம் வரவேண்டாம் என்றோம். ஏசி அறையை அவளுக்குக் கொடுத்தோம். துணைக்கு நான் அவளோடு படுத்தேன், அவர் ஹாலில் பாயை விரித்துக்கொண்டார். இதைப் பற்றி நாங்கள் உட்கார்ந்து பேசிக்கூட முடிவு செய்யவில்லை.

அப்படியானால் இந்தத் தெம்பு யாருக்காக?

அவர் ஏசி மெக்கானிக். வேலை பெரும்பாலும் மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட்டுகளிலும் கடைகளிலும்தான். வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்கி வந்து, சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே தூங்கி வழிகிற மனிதர். அவர் சில மாதங்களாக மீசைக்கு டை அடித்தார், குளிக்கும்போது பாடினார், கிரீஸ் படப்போகிற சட்டையை இஸ்திரி போட்டார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கூட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. எப்படிக் கூட்டினாலும் ஒரு பெண்தான் விடையாக வந்தாள்.

ஒரு சனிக்கிழமை, நானும் வருகிறேன் என்று கிளம்பினேன்.

"வேலைக்கா? இன்னாத்துக்கு வெயில்ல?"

"கடல் பார்த்து நாளாச்சி."

பைக்கில் கேளம்பாக்கம் வழியாகப் போனோம். கடற்கரைக்குப் போகிற தெருவில் ஒரு கடை முன்னால் நிறுத்தினார். வெளிநாட்டுக்காரர்களுக்கு மூலிகைப் பொடி, மசாஜ் எண்ணெய், பாசிமணி விற்கிற கடை. கல்லாவில் இருந்த பெண் எழுந்து நின்றாள்.

"வா அண்ணாத்த. இப்ப எப்டி கீது?"

"பரவால்ல," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்புறம்தான் அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணியா? உக்காருங்க அண்ணி, மோர் குடிக்கிறீங்களா?"

அவளுக்கு என் வயது இருக்கும். நரை தெரிந்தது. அழகி என்று சொல்ல முடியாது, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அழகியாக இருந்தால் கண்ணால் மயங்கினார் என்று விட்டுவிடலாம். எது எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள்? அவர் எதைப் பரவாயில்லை என்கிறார்? மோரைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. வீடு வந்து சேரும்வரை அவர் முதுகில் படாமல் உட்கார்ந்து வந்தேன். அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பியவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது.

"நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினே கீது. நிக்க மாட்டேங்குது."

ஆட்டோவில் ஏற்றினோம். மகள் யூனிஃபார்மோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜிஎஸ்டி சாலையில் வண்டிகள் நகரவில்லை. இந்தப் பிள்ளையைத் தனியாக எப்படி ஆளாக்குவேன் என்று நடுங்கினேன். அந்த நடுக்கத்துக்குள்ளேயும், இவருக்கு ஏதாவது ஆனால் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்தக் கடைக்காரிக்கு மட்டும் தெரிந்ததாகவே நின்றுவிடுமே என்றும் நினைத்தேன். இன்றைக்கும் அவர் படியில் கொஞ்சம் நின்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஓடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த டாக்டர், என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

"பிபி மாத்திரை, சுகர் மாத்திரை," என்றார் இவர்.

மகளைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பிவிட்டு, "குவாரனாவும்" என்றேன் நான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எவ்வளவு?" என்றார் டாக்டர்.

"ஒரு ஸ்பூன்னு போட்டிருந்திச்சி சார். மூலிகைதானே, இன்னா பண்ணிடப் போவுதுன்னு கொஞ்சம் கூடவே போட்டேன். கசப்பு தாங்கல, இவ போடற ஃபில்டர் காபில கலந்துக்கினேன்."

"காபியில இருக்கற அதே காஃபின்தான் சார் அந்த விதையில இருக்கு, இன்னும் அதிகமா. காபிக்குள்ள காபியைக் கொட்டியிருக்கீங்க, பிபி வேற. எதுக்காகச் சாப்பிட்டீங்க, சோர்வுக்கா?"

இவர் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "சுகர் வந்ததுலருந்து முடியல சார். இவளும் உள்ள போய்ப் படுத்துக்கினா. பாப்பா படிப்புன்னு ஒரு சாக்கு. அதான்."

சாக்கு. அப்படி நினைத்துக்கொண்டுதான் இவ்வளவு நாள் ஹாலில் படுத்திருக்கிறார்.

டாக்டர் சாதாரணமாகவே பேசினார். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வருவதுதான், அதற்குத் தனியாக மருத்துவம் இருக்கிறது, அந்தப் பொடி இதற்கு உதவும் என்று நம்பப் பெரிய ஆதாரம் இல்லை, கூச்சப்படாமல் வாருங்கள் என்றார். நல்லவேளை, இதயத்துக்குப் பழுதில்லை.

நான் நிம்மதியாகியிருக்க வேண்டும். வேறு பெண் இல்லை. ஆனால் இருந்தாளே. இந்த வார்த்தைகளை அவர் முதலில் சொன்னது பொடி விற்ற அந்தக் கடைக்காரியிடம்தானே. பாசிமணிக்கும் எண்ணெய்ப் புட்டிக்கும் நடுவில், என் வீட்டுப் படுக்கையறைக் கதையை ஒருத்தி உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அவர் அவளைத் தொட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவரை ஏசி அறையில் படுக்க வைத்தேன். மகள் ஹாலில் கெமிஸ்ட்ரி படித்தாள். கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவகிட்ட சொல்லத் தெரிஞ்சிது இல்ல?"

"அவ யாரோ. உங்கிட்ட எப்டி சொல்றது?"

"அவகிட்ட இன்னா சொன்னீங்களோ அதயே எங்கிட்ட சொல்லுங்க. ஒண்ணும் விடக்கூடாது."

"இப்பவா? பாப்பா கீது."

"மெதுவா சொல்லுங்க."

சொன்னார். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவகிட்ட சொல்லும்போது மட்டும் மூஞ்சிய பாத்து சொன்னீங்களா?"

"இல்ல," என்றார். "அப்ப அவ கடை ஏசிய கழட்டிக்கினு ஏணி மேல இருந்தேன், செவுத்த பாத்துக்கினு."