அன்னாரின் ஞாயிற்றுக்கிழமைகள்

என் பெரியப்பா தன்னுடைய மரண அறிவித்தலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு ஒரு தடிமன் காய்ச்சல்கூட இருக்கவில்லை. அறுபத்தாறு வயது. விடிய எழும்பி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவார், தானே வரம்பு கட்டுவார், மத்தியானம் பெரியம்மா போட்ட சோறு காணாதென்று இன்னொரு அகப்பை கேட்பார். அவருக்கு வருத்தம் உடம்பில் இல்லை. மச்சானின் மரண அறிவித்தலில் இருந்தது.

எங்கள் பக்கத்துக் கதை தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர் அக்கராயனில் ஒருவர் செத்தால் மட்டும் போதாது, அறிவித்தல் வரவேண்டும். ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி ஒழுங்கை ஒழுங்கையாக வாசித்துக்கொண்டு போவார்கள். கிளிநொச்சியில் அச்சடித்த நோட்டீஸை மின்கம்பங்களில் ஒட்டுவார்கள். அதில் செத்தவரைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கும். மிச்சம் முழுக்க உயிரோடு இருப்பவர்கள். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னார் (கனடா), இன்னார் (சுவிஸ்) ஆகியோரின் அன்புச் சகோதரரும் என்று அது நீண்டுகொண்டே போகும். சனம் கம்பத்தடியில் சைக்கிளை நிறுத்தி வாசிப்பது யார் செத்தது என்று அறிய அல்ல, அது முதல்நாளே தெரியும். யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

பெரியம்மாவின் அண்ணர் காலமானபோது விடுபட்டது பெரியப்பாவின் பெயர். மைத்துனர்மார் வரிசையில் ஒன்பது பேர் இருந்தார்கள், இவர் இல்லை. ஓட்டோ எங்கள் ஒழுங்கையால் வாசித்துக்கொண்டு போனபோது அவர் வாசல் படலையடியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். திரும்பி வரும்போதும் நின்று கேட்டார். இருந்தாலும் செத்த வீட்டுக்குப் போய்ப் பந்தல் போட்டார், பாடை தூக்கினார், எல்லாம் செய்தார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. நாலாம் நாள் ஒரு புதுக் கொப்பியும் பென்சிலும் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார்.

"எங்கட சனத்தை நம்பிச் சாகேலாது," என்றார்.

அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உயிரோடு இருக்கும்போது இதென்ன வேலை என்று தமையனைக் கேட்டார். "செத்தாப் பிறகு நான் வந்து திருத்தேலாது," என்றார் பெரியப்பா. எனக்கு அப்போது பதினொரு வயது, ஆறாம் வகுப்பு, கையெழுத்துப் போட்டியில் பரிசும் எடுத்திருந்தேன். அப்படித்தான் அந்தக் கொப்பி என் கைக்கு வந்தது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முழுகிவிட்டு, தலையில் ஈரம் காய முன்னமே வந்துவிடுவார். அம்மா தேத்தண்ணி வைப்பார். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு ஓட்டோக்காரனின் குரலில் சொல்ல நான் எழுதுவேன். பேனையால் எழுதக்கூடாது என்பது கண்டிப்பான கட்டளை, ஏனென்றால் மனிசர் மாறுவினம். இறக்கும் திகதிக்கு மட்டும் இடம் விடச்சொன்னார். கிழமை ஞாயிறு என்று அவரே தீர்மானித்துவிட்டார், அன்றைக்குத்தான் பள்ளிக்கூடமும் இல்லை, கந்தோர் வேலையும் இல்லை, சனம் வரும். காலபோக அறுவடை நேரம் சரிவராது, எல்லாரும் வயலில் நிற்பார்கள் என்றும் ஒரு ஓரத்தில் குறிக்கச் சொன்னார். மழைக்காலமும் வேண்டாமாம், சேறு.

அறிவித்தலில் அவர் பெயர் ஒருமுறைதான் வரும், அதற்குப் பிறகு எல்லாம் 'அன்னார்'தான். நானும் எழுதி எழுதிப் பழகிவிட்டேன். ஒருநாள் குசினிக்குள் போய், "அம்மா, அன்னார் இன்னொரு தேத்தண்ணி கேக்கிறார்," என்று சொல்ல அம்மாவின் அகப்பைக் காம்பு என் முழங்கையில் விழுந்தது. ஆனால் திரும்பி நின்று தேத்தண்ணி ஆற்றும்போது அவருடைய தோள் குலுங்கியதை நான் கண்டேன்.

பெயர்கள் ஒரு கிழமை இருந்ததுபோல் மறுகிழமை இருக்காது. மருமகன் ஒருவர் உழவு மெசினைச் சொன்ன நாளில் அனுப்பாததால் வெட்டுப்பட்டார். அடுத்த கிழமை உரப்பையை ஏற்றி இறக்க உதவியதால் திரும்ப உள்ளே வந்தார். கனடாவிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுக்காத மாதத்தில் அவருடைய அடைப்புக்குறி பறிபோனது, ஆள் வெறுமனே நின்றார். என் அழிறப்பர் தேய்ந்து பட்டாணிக்கடலை அளவாகிவிட்டது.

இந்தக் கொப்பியைப் பற்றி ஊருக்குத் தெரியவந்ததற்கு யார் காரணம் என்று நான் சொல்லத் தேவையில்லை. என் வாயில் அவிந்த நெல்லும் முளைக்கும் என்று அம்மா சொல்வார். சொந்தக்காரர் வழியில் மறித்து விசாரித்தார்கள், கச்சான் கடலை தந்தார்கள், ஒருவர் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கியும் விட்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

கொப்பியில் இல்லாத ஒரேயொரு முக்கியமான ஆள் என் மாமி. அப்பாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்கு நேரே அடுத்து வந்த தங்கச்சி. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மாடுகள் வளர்த்துப் பால் விற்றார், மிஞ்சிய பாலில் ஐஸ்பழம் செய்து பிள்ளைகளுக்கு விற்றார். அவருடைய கன்று ஒன்று பெரியப்பாவின் வயலில் இறங்கி ஒரு சாண் பயிரை மேய்ந்துவிட்டது. பெரியப்பா அதைப் பிடித்துத் தன் வளவில் ஒரு பகல் முழுக்கக் கட்டிவைத்தார். மாமி கத்தியோடு வந்து, கயிற்றை அறுத்து, கன்றைக் கொண்டுபோனார். அதோடு இரண்டு வருடம் பேச்சில்லை. அவருக்கு இவர் 'மாட்டுக்காரி', இவருக்கு அவர் 'அந்த வளவு ஆள்'.

அவர்கள் ஐந்து பேராய்ப் பிறந்தவர்கள். கடைசி இரண்டு பேரும் சண்டைக் காலத்தில், ஓடித் திரிந்த நாட்களில் போய்விட்டார்கள். அவர்களுக்கு நோட்டீஸும் இல்லை, ஓட்டோவும் இல்லை. பெரியப்பா தன் அறிவித்தலில் 'காலஞ்சென்ற' என்று தொடங்கி அந்த இரண்டு பெயர்களையும் முழுதாக, முதலெழுத்தோடு எழுதுவித்தார். பிறகு அப்பாவின் பெயர். பிறகு ஒருமுறை செருமிவிட்டு, "அடுத்தது மைத்துனர்மார்," என்பார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வர, மாமி என்னைக் கூப்பிட்டு ஒரு ஐஸ்பழத்தைத் தந்தார். நான் பாதி உறிஞ்சும்வரை பொறுத்திருந்தார்.

"அந்த வளவு ஆள் என்னை எத்தினையாம் இடத்தில போட்டிருக்கிறார்?"

வாயில் ஐஸ்பழத்தை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது அப்படி நின்றவர்களுக்குத்தான் தெரியும். "முதலாவது," என்றேன்.

மாமி பால் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். கொஞ்ச நேரம் மாட்டுக்கொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்னொரு ஐஸ்பழம் தந்தார். மறுநாள் ஒரு தயிர்ச்சட்டியை என் கையில் தந்து, அந்த வளவில் கொடுக்கச் சொன்னார்.

பெரியப்பா சட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எந்த மாட்டின் தயிர் என்று கேட்டார். அன்றைக்குக் கட்டிவைத்த அந்தக் கன்று இப்போது வளர்ந்து கன்று போட்டுவிட்டது, அதன் தயிர்தான் என்றேன். "அப்ப உது என்ர நெல்லுத்தானே," என்று சொல்லிவிட்டுச் சீனி போட்டு முழுவதையும் சாப்பிட்டார்.

எங்கள் ஊரில் வெறுஞ்சட்டி திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. பெரியம்மா சட்டியைக் கழுவி, அதில் கத்தரிக்காய் நிரப்பித் தந்தார். கத்தரிக்காய் போன சட்டியில் தயிர் வந்தது. தயிர் வந்த சட்டியில் முருங்கைக்காய் குத்திக்கொண்டு போனது. மூன்று கிழமை நான் சட்டியும் கையுமாக நடந்தேன். இரண்டு பக்கமும் ஒரு சொல் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா தயிர் சாப்பிட்ட அதே வாயால் அப்பாவின் பெயரைச் சொல்லி, செருமி, மைத்துனர்மாரிடம் போய்விடுவார். நான் பென்சிலை வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்ப்பேன். வேறொன்றும் வராது.

அப்போதுதான் மாமி ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார், "வாற ஞாயிறு நானே வந்து என்ர கண்ணால பாக்கப்போறன்."

பொய் பிடிபட்டால் ஐஸ்பழம் போகும், அது போகட்டும். மாமி அந்த வாளியில் இருந்த இருப்பு என் கண்ணுக்குள்ளேயே நின்றது. பெயர் இல்லையென்று தெரிந்தால் இனிச் செத்த வீட்டுக்குக்கூட வரமாட்டார் என்று எனக்குப் பயம். கொப்பி எங்கள் வீட்டு அலுமாரியில்தான் இருந்தது. சனிக்கிழமை எல்லாரும் வயலுக்குப் போன நேரம் அதை எடுத்து, உயிரோடு இருப்பவர்களில் முதலாவதாக, அப்பாவின் பெயருக்கு மேலே இருந்த இடைவெளியில் நெருக்கி, மாமியின் பெயரை எழுதினேன். புதிதாய்த் தெரியாமலிருக்க விரலால் தேய்த்தும் விட்டேன். அது இன்னும் கறுத்து, அந்த ஒரு பெயர்தான் கண்ணில் குத்தியது.

ஞாயிறு மாமி கோயிலுக்குப் போவதுபோல் சேலை உடுத்து, தயிர்ச்சட்டியோடு வந்தார். பெரியப்பா கதிரையில் இருந்தார். எழும்பவும் இல்லை, இரு என்று சொல்லவும் இல்லை. மாமி என்னைப் பார்த்து, "வாசிக்கச் சொல்லு," என்றார். பெரியப்பா என்னைப் பார்த்து, "கொப்பியைத் தா," என்றார். நான்தான் வாசிப்பேன், வாசிக்கும்போது சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே தொடங்கினார்.

குரல் கணீரென்று வந்தது. பிறப்பிடம் போனது, வதிவிடம் போனது, அன்புக் கணவரும் பாசமிகு தந்தையும் போனார்கள். காலஞ்சென்ற இரண்டு பேரும் போனார்கள். பிறகு குரல் நின்றது.

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் நிலத்துச் சீமெந்தில் வெடிப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சொல் சொன்னால் போதும், மாமி சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அப்பா வாசலில் நின்றார்.

பெரியப்பா செருமினார். மாமியின் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து, ஓட்டோக்காரன் வாசிப்பதைவிட நிறுத்தி வாசித்தார். ஒருமுறை எழுதியிருந்ததை இரண்டுமுறை வாசித்தார்.

எனக்கு உயிர் வந்தது. மாமி சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், கண் நிறைந்திருந்தது.

"அழி பிள்ளை அந்தப் பேரை," என்றார்.

"ஏன் அழிக்கிறது? முதலாவதாத்தானே கிடக்கு," என்றார் பெரியப்பா. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் தங்கச்சியின் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதற் கதை அதுதான்.

"நீங்கள் போக, அந்த ஓட்டோ என்ர பேரை வாசிச்சுக்கொண்டு என்ர படலையால போறதை நான் உள்ளுக்க இருந்து கேக்கவேணுமோ அண்ணை? என்னால ஏலாது. நான் முந்திப் போறன். என்ர நோட்டீசில உங்கட பேர் வரட்டும்."

"விசர்க்கதை கதையாதை. நான் மூத்தவன். வரிசை எண்டு ஒண்டு இருக்கு."

"எங்களுக்குப் பிறகு பிறந்த ரெண்டும் வரிசை பாத்தோ போனதுகள்?"

அப்பா வெளியே போய் மாமரத்தடியில் நின்றார். பிறகு பெரியப்பா, "எழுது பிள்ளை, வடிவாத் திருப்பி எழுது," என்றார். மாமி, "அழி எண்டு சொன்னனான்," என்றார். நான் அழித்தேன். அவர் எழுது என்றார், எழுதினேன். இவர் அழி என்றார், அழித்தேன். நாலாம் முறை கடதாசி ஓட்டையாகிவிட்டது. அந்த ஓட்டைக்கு யார் காரணம் என்று அதிலும் ஒரு சண்டை தொடங்கியது. அம்மா இரண்டு கோப்பையில் சோற்றைப் போட்டுத் தயிரையும் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே யார் முதலில் போவது என்று பொழுதுபடும்வரை பிடிவாதமாகச் சண்டை பிடித்தார்கள். இன்றைக்கும் அது முடியவில்லை, இருவரும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

அன்று கைவலியோடும் கொஞ்சம் கோபத்தோடும் நான் படுக்கப் போனேன். மூன்று கிழமை சட்டி சுமந்து, களவெடுத்து, பொய் சொல்லி, ஒரு மனுசிக்கு முதலாம் இடம் வாங்கிக் கொடுத்தால், அதை வேண்டாமென்று அழிக்கச் சொல்கிறாரே, பெரியவர்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டுமென்றே தெரியாது என்று முடிவுகட்டினேன். அந்த வரியில் பெயர் வருவதென்றால் மற்றவர் போன பிறகும் மிஞ்சி இருக்கவேண்டும் என்பது, அத்தனை ஞாயிற்றுக்கிழமை அதை எழுதிய எனக்குத் தோன்றவேயில்லை.