தும்பிக்கை கரைந்த பத்திரிகை

அருப்புக்கோட்டையில் கையாலேயே கல்யாணப் பத்திரிகை செய்து தரும் அந்த அம்மாவை ஒருமுறைதான் பார்த்தேன். ஒல்லியான தேகம், விரலெல்லாம் மஞ்சள் சாயம். அட்டையில் வாட்டர் கலர் பூசி, காய்ந்ததா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். பிறகுதான், ரப்பரில் தானே செதுக்கிய பிள்ளையார் அச்சைக் குத்துவார்.

என் மகளின் முதல் பத்திரிகையை ராகுகாலத்துக்கு முன் திருச்சுழிக் கோயிலில் வைத்தாக வேண்டும். அன்று பார்த்துத் தூறல். அட்டை காயவே இல்லை.

"சனியன் பிடிச்ச மழை" என்றேன்.

"இந்த மழைக்குத்தான அண்ணாச்சி ஊரே நேர்ந்துக்கிட்டுக் கெடந்துச்சு? கொஞ்சம் பொறுங்க."

"பஸ்ஸு போயிரும்மா. சும்மா குத்துங்க."

குத்தினார். பிள்ளையாரின் தும்பிக்கை கரைந்து ஓடியது. பதறிப்போய் அட்டையைக் கசக்கப் போனேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"கலைஞ்சாலும் சாமிதான அண்ணாச்சி!"

அதைக் கடையின் சாமி படத்தோடு சாத்தி, ஒரு பூவும் வைத்துவிட்டு, எனக்கு வேறு அட்டைக்கு மஞ்சள் பூசத் தொடங்கினார். பஸ் போனது, ராகுகாலமும் வந்துவிட்டது. சாயங்காலம்தான் அம்மன் காலடியில் பத்திரிகை வைத்தேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனாலும் என் அவசரத்தில் கரைந்த பிள்ளையாருக்கு அவர் இன்னும் பூ வைக்கிறாரோ என்னவோ, கோயிலில் கைகூப்பினால் என் மனசு அந்தக் கடையில்தான் போய் நிற்கிறது.