பாட்டிலில் நான்கு கோடுகள்

இருபத்தெட்டு வருடம் மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். காலையில் விளாங்குடியில் பஸ் ஏறினால், சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து நாங்கள் டீச்சர்கள் எல்லோருமே அப்படித்தான். அடக்கிக்கொள்வதை ஒரு சாமர்த்தியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நாற்பது வயதில் எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புசக்தியே நரம்புகளைத் தாக்கும் வியாதி. அப்போதெல்லாம் காய்ச்சல் வந்தால் மூன்று நாளில் போய்விடும். இப்போது வயது அறுபத்திரண்டு, சக்கர நாற்காலி. கழிப்பறைக்குப் போக என் வீட்டுக்காரர்தான் தூக்கிவிட வேண்டும். எழுபதை நெருங்கும் அவர் இடுப்பு வலிக்கு பெல்ட் போட்டிருக்கிறார்.

போன வருடம் சிறுநீரில் கிருமித் தொற்று. காய்ச்சலே இல்லை. கையிலிருந்து டம்ளர் நழுவியது, அவ்வளவுதான். பழைய வியாதி கூடிவிட்டது என்று இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் அவரையே யாரென்று கேட்டேனாம். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

"வயசு கூடுது, நடமாட்டம் இல்ல, மூத்திரம் முழுசா வெளியேறாமத் தங்குது. நீங்க சாப்பிடுற மருந்தும் எதிர்ப்புசக்தியைக் குறைக்குது," என்றார் டாக்டர். "அடுத்த தடவை கிருமி ரத்தத்துல ஏறிருச்சுன்னா எங்க கையில இல்ல. தண்ணி குடிங்க. கை தளர்ந்தா உடனே வந்துருங்க."

வீட்டுக்காரர் பாட்டிலில் ஸ்கெட்ச் பேனாவால் நான்கு கோடு போட்டார். "டீச்சரம்மா, மத்தியானத்துக்குள்ள ரெண்டாவது கோடு!"

ஒரு மாதம் ஒழுங்காகக் குடித்தேன். ஒருநாள் என்னைத் தூக்கும்போது அவர் 'ஹம்மா' என்று முனகி, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மறுநாளிலிருந்து, அவர் கடைக்குப் போனதும் பாட்டிலை ஜன்னலோரத்து மணிபிளான்ட் தொட்டியில் சாய்த்துவிடுவேன்.

"அம்புட்டையும் குடிச்சிட்டியா? கெட்டிக்காரி!" என்பார். வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனாலும் ஒரு நாளைக்கு மூன்று தடவை தூக்குவது மிச்சமாயிற்றே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். தவறாகக் கணக்குப் போடும் பிள்ளைகளை எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன்!

அன்று காலை இட்லி சாப்பிடும்போது ஸ்பூன் விழுந்தது. "வழுக்கிருச்சு," என்றேன். எடுத்துக் கழுவிக் கொடுத்தார். மறுபடி விழுந்தது. இந்த முறை அது தொட்டியருகே உருண்டது. குனிந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். தொட்டிக்கடியில் இருந்த தட்டு நிறையத் தண்ணீர். மண்ணைத் தொட்டுப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?" என்றார்.

சொல்லிவிடத்தான் நினைத்தேன். மறைக்க இனி என்ன இருக்கிறது? வாயைத் திறந்தேன். எண் வரவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தேன். மூன்றுக்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை.