தேத்தண்ணி காட்டிக்கொடுத்தது

இன்று ஆசிரியர் பயிற்சி வகுப்பில் விரிவுரையாளர் சேர் ஒரு கேள்வி தந்தார்: “தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்க உங்களைத் தூண்டுவது எது?”

எதிர்காலச் சந்ததி, பூமித்தாய் என்று நான் ஒரு பக்கம் நிரப்பினேன்.

பக்கத்தில் இருந்த ரிசானா எழுதியது ஒரே சொல்: தேத்தண்ணி.

“என்ன பிள்ளை இது?” என்றார் சேர்.

“எங்கட விடுதிக் கிணறு சேர். மோட்டரைக் கனநேரம் போட்டா உப்பு ஏறிடும். பிறகு தேத்தண்ணியை வாயில வைக்கேலாது.”

விடுதியிலிருந்து வந்த, ஒரு மிடறோடு தான் ஒதுக்கி வைத்த தேநீர்க் கோப்பையைச் சேர் பார்த்தார். “அப்ப இண்டைக்கு?”

ரிசானா என்னைக் காட்டினாள். “நேற்று இவ மோட்டரைப் போட்டு ஒரு மணித்தியாலம் முழுகினவ, சேர்.”

என் ஒரு பக்கத்தையும் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார் சேர்.

வாசித்தேன். எதிர்காலச் சந்ததி மட்டும்தான் சிரிக்கவில்லை.

உங்களை எது காட்டிக்கொடுத்தது? சொல்லுங்கோ, எனக்குத் துணை வேண்டும்.