வெள்ளைத் தரையில் சிவப்புத் தடம்

அந்தப் பெரிய துணிக்கடையின் வாசலில் நிற்கும் காவல்காரம்மாவுக்கு உள்ளே ‘கழுகு’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும்; தெரியாமல் இருந்தால்தான் அதிசயம். ஒல்லியாக உள்ளே போனவர் கொஞ்சம் பூசினாற்போல் வெளியே வந்தால், சிரித்த முகம் மாறாமல் ஓரமாகக் கூப்பிட்டு நிறுத்திவிடுவாள். “உன் நிழல் பின்னாடி வந்தாக்கூட பையைத் திறந்து காட்டச் சொல்லுவ” என்பான் அவள் புருஷன். அவன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன்.

கடையின் பின்வாசலில், துணிகளுக்கு அளவு திருத்தும் தையற்காரரின் அறைக்குப் பக்கத்து அறை வெகுநாளாகச் சும்மா கிடந்தது. ஒருநாள் அதில் பலகை மாட்டினார்கள்: ‘பாதம், கணுக்கால் மருத்துவர். முன்பதிவு தேவையில்லை.’

“பல்லுக்கு ஒருத்தர், கண்ணுக்கு ஒருத்தர், சரி. பாதத்துக்குன்னு தனியா ஒரு டாக்டராண்ணே? அதுவும் நாம வேலை செய்யற இடத்துலயே?” என்று தையற்காரரிடம் கேட்டாள்.

“நாள் பூரா நிக்கறவங்க நீங்கள்லாம். நாலு எட்டு வச்சா டாக்டர். நல்லதுதானேம்மா.”

“அதான் இடிக்குது. இவ்வளவு வசதியா யாரு நமக்குச் செஞ்சு தருவா?”

“வலிய வர்ற சீதேவிய எட்டி உதைக்காதீங்க” என்றவர், ஊசியில் நூலைக் கோத்தபடியே, “உதைக்கறதுக்கும் கால் நல்லா இருக்கணும்ல” என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. கணுக்கால் வீங்குவதை இந்த ஆள் கவனித்துவிட்டானா? மேனேஜர் அந்தப் பக்கம் வந்தால் வலியை விழுங்கிக்கொண்டு கம்பம் மாதிரி நிற்பவள் அவள். இத்தனைக்கும் கொஞ்ச நாளாக வலியே குறைந்திருந்தது. பஞ்சின் மேல் நடப்பதுபோல் ஒரு மாதிரி இருந்தது, அவ்வளவுதான். தானாக வந்தது தானாகவே போகிறது என்று நிம்மதியாக இருந்தாள்.

டாக்டர் நரைத்த தலையுள்ள ஒரு பெண். அவருடைய அறை வாசலில் மேனேஜர் டீ டம்ளரோடு நின்று பேசியதை அவள் பார்த்தாள். பில் போடும் பெண் அந்த அறைக்குப் போய்வந்ததையும் பார்த்தாள். அடுத்த வாரம் பில் போடுகிற இடத்தில் வேறு ஒருத்தி நின்றாள். பழைய பெண்ணைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்களாம். கழுகு இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டாள். யார் கால் தேறும், யார் கால் தேறாது என்று கடைக்குத் துப்புக் கொடுக்கத்தான் இந்தம்மா வந்து உட்கார்ந்திருக்கிறாள். பொறி எலி நடமாடும் இடத்தில்தானே வைப்பார்கள்?

அதன்பிறகு பின்வாசலையே அவள் மிதிக்கவில்லை. டீக்குக்கூடச் சுற்றிக்கொண்டு போனாள்.

ஒரு மத்தியானம், துணி போட்டுப் பார்க்கும் அறைகளுக்கு வெளியே, வெள்ளைத் தரையில் ஒரு சிவப்புத் திட்டு தெரிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. எவரோ சாயத்தையோ உதட்டுப்பூச்சையோ கொட்டிவிட்டுச் சொல்லாமல் நழுவுகிறார்கள் என்று நினைத்துத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனாள். அது குழந்தைகள் பகுதியைத் தாண்டி, படிக்கட்டைச் சுற்றி, நேராக வாசலுக்கு வந்தது. அவள் நிற்கும் இடத்தில் பெரிய திட்டாக இருந்தது. திரும்பிப் பார்த்தாள். இப்போது வந்த வழியெல்லாம் புதிதாக இன்னொரு வரிசை.

செருப்பைக் கழற்றினாள். துணி திருட்டுப் போகாமல் இருக்க மாட்டுகிற பொத்தானின் ஊசி அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறியிருந்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை.

தையற்காரர்தான் கைத்தாங்கலாகப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். டாக்டர் ஊசியை எடுத்து, கழுவி, கட்டுப் போட்டார். பிறகு, “கண்ணை மூடிக்குங்கம்மா. நான் தொடும்போதெல்லாம் சொல்லுங்க” என்றார்.

அவள் மூடினாள். காத்திருந்தாள். “நீங்க தொடவே இல்லையே?”

“நிறைய தடவை தொட்டாச்சு.”

“கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் பார்ப்பேன்” என்றாள் அவள். டாக்டர் சிரிக்கவில்லை. மீன் தூண்டில் நரம்பு போன்ற ஒன்றை அவள் பெருவிரலின் அடியில் வைத்து அழுத்தினார். நரம்பு வில்லாக வளைந்தது. கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை.

“சர்க்கரை இருக்கான்னு ரத்தம் பார்க்கணும். இது ஒரே நாள்ல வந்ததில்ல.”

“மேனேஜர் உங்ககிட்ட எங்களைப் பத்திக் கேப்பாரா?”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “கேட்டாரு. யார் யார் வர்றாங்கன்னு.”

“என்ன சொன்னீங்க?”

“கால் இருக்கறவங்க எல்லாம் வர்றாங்கன்னேன்.”

அதை அவள் அப்படியே நம்பிவிடவில்லை. சாயங்காலமே நொண்டிக்கொண்டு கிடங்குக்குப் போனாள். பழைய பில் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து துணி பிரித்துக்கொண்டிருந்தாள்.

“உன்னை யாருடி இங்க தள்ளினது?”

“யாரும் தள்ளலக்கா. நான்தான் கேட்டேன். உக்காந்து பார்க்கற வேலையா கேட்டுப் பாருன்னு டாக்டர் சொன்னாங்க. மேனேஜர் முதல்ல ஒத்துக்கல.”

ரத்தத்தில் சர்க்கரை இருந்தது. அவளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் மேனேஜர் வாசலுக்கு வந்து, “டாக்டர் வேற எதாவது சொன்னாங்களாம்மா?” என்று விசாரித்தார். குரல் அக்கறையாக இருந்தது. கண் மட்டும் அவள் காலில் இருந்த கட்டை விட்டு நகரவில்லை.

“சொன்னாங்க சார். ஒரு நாற்காலி போடச் சொன்னாங்க.”

“நின்னாத்தானே காவல்?”

“உக்காந்தா கண்ணு மூடிக்குமா சார்?”

துணி எடுத்துக் காட்டும் பெண்களும் சேர்ந்து கேட்ட பிறகுதான் நாற்காலி வந்தது.

டீ நேரத்தில் போய்க் கட்டு மாற்றிக்கொண்டாள். ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் ஆஸ்பத்திரி என்றால் போயிருக்கவே மாட்டாள் என்பது அவளுக்கே தெரியும். புண் ஆறியது. “மரத்துப்போனது திரும்பிடுமா டாக்டரம்மா?” என்று கேட்டாள்.

“திரும்பும்னு சொல்ல முடியாதும்மா. இதுக்கு மேல போகாம பார்த்துக்கலாம்.”

சரியாகிவிடும் என்று தேன் தடவிச் சொல்லியிருந்தால் அவள் அன்றோடு அந்த அறைக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பாள். ஒளிக்காமல் சொன்ன அந்த ஒரு பேச்சில்தான் அவளுக்கு டாக்டர்மேல் நம்பிக்கை பிறந்தது.